கேட்டவர்களுக்குப் பெயர் தெரியவில்லை

திறமையுள்ள சுயாதீன இசைக்கலைஞருக்கு உரிய அங்கீகாரம் கிடைக்கிறதா என்று, மேடை ஒலியமைப்பும் ஸ்டூடியோவில் மிக்ஸிங்கும் செய்து பிழைக்கும் என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ‘இல்லை’ என்ற பதிலை மனத்தில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். நானும் அதையே சொல்லிவிட்டால், ரசனை கெட்ட உலகத்தை இருவருமாகச் சேர்ந்து நொந்துகொண்டு எழுந்து போய்விடலாம். ஆனால் பல ஆண்டுகளாக ஒரே நண்பரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்து, அவற்றை வெளியிடுவதற்கான படிவ வேலைகளையும் பார்த்து, அவர் பாடும் மேடைகளுக்கு எதிரே மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில், எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடு இல்லை. அவருடைய பாட்டை ரசித்தவர்கள் எப்போதுமே இருந்தார்கள். ரசித்தவர்களில் மிகப் பலருக்கு அது யாருடைய பாட்டு என்பது தெரியாமல் போயிற்று. தெரிந்துகொள்ள முயன்றவர்களுக்கும் வழி கிடைக்கவில்லை. அங்கீகாரம் கிடைக்காததற்குச் சொல்லப்படும் காரணங்களில் இது மிகவும் சாதாரணமானது; அதனாலோ என்னவோ இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் அவருடைய திறமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திறமை இருப்பதாக நண்பர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அவர் தானே எழுதி, மெட்டமைத்து, கிடார் வாசித்துக்கொண்டு பாடுபவர். ஒலிச்சோதனையின்போது பெரும்பாலான பாடகர்கள் மானிட்டரில், அதாவது மேடையில் அவர்களை நோக்கி வைத்திருக்கும் ஒலிபெருக்கியில், தங்கள் குரலை ஏற்றச் சொல்வார்கள். இவர் கிடாரைத்தான் ஏற்றச் சொல்வார். தன் வாசிப்பு காதில் தெளிவாக விழுந்தால் விரல்கள் தாமாகவே மென்மையாகிவிடும் என்பதும், விழாவிட்டால் தந்தியை ஓங்கி இழுக்கத் தொடங்கிவிடுவோம் என்பதும் அவருக்குத் தெரியும். பாடும்போது குரல் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே மைக்கிலிருந்து ஒரு சாண் விலகி, இறங்கும்போது மீண்டும் நெருங்கி வருவார். திடீரென்று உரக்கும் ஒலியை அடக்கிச் சமன் செய்யும் கருவி கம்ப்ரஸர்; அவருடைய குரல் தடத்தில் நான் போட்டு வைக்கும் கம்ப்ரஸரின் முள் பாதி நேரம் அசைவதே இல்லை. ஒலிப்பொறியாளர் செய்ய வேண்டிய வேலையைப் பாடகரே தூரத்தால் செய்துவிடுகிறார். இதை எந்தக் கேட்பவரும் கவனிக்க மாட்டார், கவனிக்கவும் வேண்டாம். பாட்டு தடங்கலின்றி மனத்தில் இறங்குகிறது என்பது மட்டும்தான் கேட்பவருக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவர் ஏன் பரவலாக அறியப்படவில்லை என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. திறமை இருந்தால் என்றைக்கானாலும் வெளியே வந்துவிடும் என்பது ஒன்று. எல்லாமே அதிர்ஷ்டம் என்பது மற்றொன்று. இரண்டையும் ஓரளவு சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும் 14,000க்கும் மேற்பட்டவர்களை இணையத்தில் திரட்டி, பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களைக் கேட்க வைத்து, அதன் முடிவை 2006இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்குப் பாடல்கள் மட்டுமே காட்டப்பட்டன. மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தங்கள் உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் பதிவிறக்கம் செய்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் பார்த்தார்கள். பாடல்கள் அதே 48தான் என்றாலும் ஓர் உலகத்தில் முன்வரிசைக்கு வந்த பாடல் இன்னோர் உலகத்தில் நடுவில் காணாமல் போனது. மிகச் சிறந்த பாடல்கள் அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமானவை உச்சிக்கு வருவதும் அரிதாகவே நடந்தன; இடைப்பட்டவற்றுக்கு எது வேண்டுமானாலும் நடந்தது. அடுத்தவர் என்ன கேட்கிறார் என்பதை எவ்வளவு வெளிப்படையாகக் காட்டினார்களோ அவ்வளவுக்கு ஏற்றத்தாழ்வும் கூடியது, முன்கூட்டிச் சொல்ல முடியாத தன்மையும் கூடியது.

நல்ல இசைக்கலைஞர்கள் பெரும்பாலோர் அந்த இடைப்பட்ட பரப்பில்தான் இருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. அங்கே யார் மேலே போவார், யார் அப்படியே நிற்பார் என்பதைத் திறமையை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அதிர்ஷ்டத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. அதைப் பற்றிச் செய்வதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லை என்பதால் அதோடு விட்டுவிடுகிறேன். பாட்டு ஒருவருடைய காதில் விழுந்து அவருக்குப் பிடித்தும் போன பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் நம் கைக்கு வேலை இருக்கிறது.

இதை எனக்குக் காட்டியது ஒரு மேடை. வேறொரு குழுவின் நிகழ்ச்சிக்கு முன்னால் சிறிது நேரம் பாடுவதற்கு நண்பரை அழைத்திருந்தார்கள். அரங்கம் பாதி நிரம்பியிருந்தது, வந்தவர்கள் பேசிக்கொண்டும் இடம் தேடிக்கொண்டும் இருந்தார்கள். அவர் தன் பாடல்களிலேயே மெதுவான ஒன்றைத் தொடங்கியதும் என் மிக்ஸருக்கு முன்வரிசையில் நின்ற ஒரு பெண் பேச்சை நிறுத்தினார். சிறிது நேரத்தில் கைப்பேசியை எடுத்து, ஒலிக்கும் பாட்டைக் கேட்டு அதன் பெயரைச் சொல்லும் ஷஸாம் செயலியைத் திறந்து, ஒலிபெருக்கி இருந்த பக்கமாகக் கையைத் தூக்கிப் பிடித்தார். நீலத் திரையில் வட்டம் விரிந்து விரிந்து அடங்கியது. பாட்டு எதுவும் கிடைக்கவில்லை என்றது. பல்லவி திரும்பி வந்தபோது மறுபடியும் பிடித்துப் பார்த்தார், மறுபடியும் அதே பதில். அந்தச் செயலி ஏற்கெனவே வெளியான ஒலிப்பதிவின் கைரேகையைத்தான் அடையாளம் காணும். மேடையில் வேறு வேகத்தில், வேறு சுருதியில், தனிக் கிடாரோடு பாடும்போது அதே பாடலாக இருந்தாலும் அந்தக் கைரேகை பொருந்தாது. பக்கத்தில் இருந்தவரிடம் அவர் ஏதோ கேட்டார், அவர் உதட்டைப் பிதுக்கினார். நண்பர் தன் பெயரை மேடையேறிய உடனே, கூட்டம் இரைச்சலாக இருந்தபோது, ஒரே ஒருமுறை சொல்லியிருந்தார். பின்திரையில் இருந்ததோ முக்கியக் குழுவின் பெயர்.

பாடி முடித்து இறங்கியவரிடம் இதைச் சொன்னேன். “கேட்டவங்களுக்குப் பிடிச்சிருந்தா தேடிக்கட்டும்ப்பா” என்றார். தேடத்தான் செய்தார்கள், கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம் என்றேன். அன்றிலிருந்து, ரசிகர் ஒருவர் பாட்டைக் கேட்ட நொடியிலிருந்து அவரிடம் வந்து சேர்வது வரையிலான பாதையில் எங்கெல்லாம் அடைப்பு இருக்கிறது என்று பார்ப்பதை நான் என் வேலையாக எடுத்துக்கொண்டேன்.

முதல் அடைப்பு பெயரிலேயே இருந்தது. நம் பெயர்களை ஆங்கில எழுத்துகளில் எழுதும்போது நெடிலுக்கு ஓர் எழுத்தா இரண்டா, முன்னெழுத்து முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா இல்லையா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறோம். வீட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. இசைச் சேவைகளிலோ எழுத்து மாறினால் ஆள் மாறிவிடக்கூடும். நண்பரின் முதல் பாடல் ஒரு எழுத்துக்கூட்டலிலும், அடுத்து ஒரு தயாரிப்பாளர் வெளியிட்டது இன்னொன்றிலும், ஒரு கூட்டுப் பாடல் மூன்றாவது விதமாகவும் போயிருந்தன. விளைவாக ஒரே சேவையில் அவருக்கு மூன்று கலைஞர் பக்கங்கள் இருந்தன. ஒன்றைப் பின்தொடர்ந்தவருக்கு மற்ற இரண்டில் வந்த பாடல்கள் தெரியவே வாய்ப்பில்லை. இது போதாதென்று, அதே பெயருடைய வேறொரு நாட்டு நடன இசைக்காரரின் பாடல் ஒன்று இவருடைய பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. நண்பரின் தாலாட்டு போன்ற பாடலைக் கேட்டுவிட்டு அடுத்ததைத் தட்டியவருக்கு அது என்ன அனுபவத்தைத் தந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இவற்றைச் சரிசெய்வது கடினமன்று, பொறுமைதான் வேண்டும். முதல் பாடலை வெளியிடும் முன்பே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று எல்லாச் சேவைகளிலும் தேடிப் பார்த்துவிட வேண்டும். இருந்தால் பெயரோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துக்கொள்வது நல்லது. அடுத்தடுத்த பாடல்களை, அவற்றை இசைச் சேவைகளுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோகஸ்தரிடம் கொடுக்கும்போது, புதிய பக்கம் உருவாகாமல் இருக்கும்படி ஏற்கெனவே உள்ள கலைஞர் பக்கத்தின் இணைப்பையே படிவத்தில் கொடுக்க வேண்டும். தவறான பக்கத்தில் விழுந்துவிட்டால் மாற்றித் தரச் சொல்லிக் கோரும் வழி எல்லாப் பெரிய சேவைகளிலும் இருக்கிறது. விநியோகஸ்தரை மாற்றுகிறவர்கள் பழைய ஒலிப்பதிவுகளுக்கான ஐ.எஸ்.ஆர்.சி. எண்களைக் குறித்துவைத்து, புதிய இடத்திலும் அதே எண்களைக் கொடுக்க வேண்டும். நாடு, பதிவாளர், ஆண்டு, வரிசை எண் ஆகியவை அடங்கிய அந்த 12 எழுத்துக் குறியீடுதான் ஓர் ஒலிப்பதிவின் அடையாள அட்டை. அது மாறினால் அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை புதிய பதிவோடு ஒட்டாமல் போய்விடும். மெட்டும் வரியும் அடங்கிய படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்ற வேறு எண் உண்டு. ஒலிப்பதிவுக்கான பணமும் படைப்புக்கான பணமும் வெவ்வேறு வழிகளில் வருவதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பெயர் ஒட்டாத திறமைக்கு என்ன ஆகும் என்பதற்கு இசை வரலாற்றில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் இருவர் இருக்கிறார்கள். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்தில் வாசித்த பாஸ் கிடார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒருவர். 1960களில் உலகம் முழுவதும் வானொலியில் ஒலித்த எத்தனையோ வெற்றிப் பாடல்களின் அடிநாதம் அவருடைய விரல்தான். ஆனால் அந்த நிறுவனத்தின் இசைத்தட்டு உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயரை அச்சிடும் வழக்கமே இல்லை. 1971இல் பாடகர் மார்வின் கேயின் ஆல்பம் ஒன்றில்தான் அவர்களுடைய பெயர்கள் முறையாக வந்தன. ஜேமர்சன் 1983இல் இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2000இல். மற்றவர் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் டிரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். 1969இல் ஓர் ஒலிப்பதிவின் நடுவே அவர் தனியாக வாசித்த சில நொடித் தாளத்தைப் பிற்கால ஹிப்ஹாப் கலைஞர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் வெட்டி ஒட்டினார்கள். பாடலின் படைப்பாளர்களில் ஒருவராக அவர் பெயர் பதிவாகாததால் அந்தப் பயன்பாடுகளுக்கான ராயல்டி அவருக்கு வரவில்லை. 2017இல் அவர் இறந்தபோது அவருடைய தாளத்தைக் கேட்காத இளைஞர் இல்லை, பெயர் தெரிந்தவரோ சொற்பம்.

இவ்விருவரையும் சுயாதீனக் கலைஞர்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுக்குப் பின்னால் பெரிய நிறுவனங்கள் இருந்தன. ஆனாலும் என் வாதத்துக்கு அவர்கள்தான் சரியான சாட்சிகள். ‘மக்களுக்கு ரசனை இல்லை’ என்று அவர்கள் விஷயத்தில் யாரும் சொல்ல முடியாது. மக்கள் கேட்டார்கள், ஆடினார்கள், காசு கொடுத்து வாங்கினார்கள். இசை போன இடத்துக்கெல்லாம் பெயர் போகவில்லை, அவ்வளவுதான்.

நண்பருக்கும் இதுபோல ஒன்று நடந்தது. ஒரு விளம்பரத் தயாரிப்பு நிறுவனம் அவருடைய முனகல் போன்ற ஓர் ஆலாபனையைப் பின்னணிக்கு வாங்கியது. பேசிய தொகையைக் கொடுத்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விளம்பரம் நன்றாக ஓடியது. பார்த்தவர்கள் அந்தக் குரல் யாருடையது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர் எங்கேயும் இல்லை. பெயரைப் போடுமாறு கேட்டபோது, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லையே என்று பணிவாகப் பதில் வந்தது. இலக்கியம், கலைப் படைப்புகளுக்கான பெர்ன் உடன்படிக்கையில் 1928ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்தே, படைப்பு தன்னுடையது என்று உரிமை கோரும் தார்மிக உரிமை படைப்பாளிக்கு இருக்கிறது. 1996இல் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் ஒப்பந்தம் ஒன்று அதே உரிமையை இசை நிகழ்த்துகிறவர்களுக்கும் தந்தது. ஆனால் சட்டத்தில் இருப்பதைக் காட்டி ஓடி முடிந்த விளம்பரத்தில் பெயரைச் சேர்க்க வைப்பதைவிட, கையெழுத்துக்கு முன் ஒரு வரி எழுதி வாங்குவது ஆயிரம் மடங்கு எளிது. இப்போது நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், பெயர் எந்த எழுத்துக்கூட்டலில், எந்த இடத்தில், எந்த இணைப்போடு வர வேண்டும் என்பது தனிப் பிரிவாக இருக்கிறது. தொகையைக் குறைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. பெயரைக் குறைக்கச் சொன்னால் மட்டும் நண்பர் சார்பில் நான் மறுத்துவிடுகிறேன்; சாதுவான ஆள், அவரே பேசினால் ஒப்புக்கொண்டுவிடுவார்.

இதே கண்டிப்பை அவரும் தன்னோடு வாசிப்பவர்களிடம் கடைப்பிடிக்க வேண்டும் அல்லவா? ஒலிப்பதிவு முடிந்து ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன்பே, மெட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு, வரிகளில் யாருக்கு எவ்வளவு, வாத்தியம் வாசித்தது யார் யார் என்பதை ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். பாட்டு ஓடாதபோது இந்தத் தாளைப் போடுவது சுலபம். ஓடத் தொடங்கிய பிறகு நினைவுகள் ஆளுக்கொரு பக்கம் போகும். வெளியீட்டுப் படிவத்தில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், வாசித்தவர், மிக்ஸிங் செய்தவர் என்று இருக்கும் கட்டங்களை எல்லாம் நிரப்புவதற்கும் அந்தத் தாள்தான் ஆதாரம். பலர் அவற்றைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் அங்கீகாரத்தைப் பற்றிப் பேசினால் போலித்தனமாகிவிடும். விநியோகஸ்தரிடமிருந்து வரும் கணக்கறிக்கையைத் திறந்தால் நாடு, சேவை, மாதம், பாடல் என்று நூற்றுக்கணக்கான வரிசைகள் இருக்கும்; கடைசி நிரலில் தசமப் புள்ளிக்குப் பின் சுழிகள் வரிசையாக நின்று, அதற்கும் பின்னால் ஏதோ ஓர் எண் எட்டிப் பார்க்கும். பெரும்பாலான சேவைகள் சந்தா, விளம்பர வருவாயில் ஒரு பெரிய பகுதியை ஒரே குவியலாக்கி, மொத்தக் கேட்புகளில் ஒவ்வொருவருக்கும் உள்ள விகிதப்படி பிரிக்கின்றன. ஒருவர் மாதம் முழுவதும் என் நண்பரை மட்டுமே கேட்டாலும் அவர் கட்டிய சந்தாவின் பெரும்பகுதி உலகம் அதிகம் கேட்கும் நட்சத்திரங்களுக்குத்தான் போகும். கேட்பவரின் பணம் அவர் கேட்டவருக்கே போகும்படியான முறையை 2021இல் சவுண்ட்கிளவுட் என்ற இசைச் சேவை சுயாதீனக் கலைஞர்களுக்காகத் தொடங்கியது. ஆனால் பொதுவழக்கம் மாறவில்லை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 கேட்புகளைத் தொடாத பாடலுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கணக்கிடப்படுவதே இல்லை. 30 நொடி கேட்டால்தான் அது ஒரு கேட்பு. ஆகவே இந்த வருமானத்தை அங்கீகாரத்தின் அளவுகோலாக எடுத்துக்கொண்டால் மனம் உடைந்துதான் போகும்.

அந்த அறிக்கைகளில் நான் பார்ப்பது வேறு. கேட்புகள் எங்கிருந்து வந்தன என்று கலைஞர்களுக்கான பக்கத்தில் பிரித்துக் காட்டுவார்கள். சேவையின் பரிந்துரையால் தானாக ஓடியவை ஒரு பக்கம். கேட்பவர் தன் சேமிப்பிலிருந்தோ, தானே தொகுத்த பிளேலிஸ்ட்டிலிருந்தோ, கலைஞரின் பக்கத்துக்கே வந்தோ கேட்டவை இன்னொரு பக்கம். முதல் வகை ஒரே வாரத்தில் பெருகி மறு வாரத்தில் வற்றிவிடும். அதில் பாதிப் பேர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பார்கள், பாட்டு மாறியதே தெரிந்திருக்காது. இரண்டாவது வகையில் உள்ளவர்களுக்கு அவர் யார் என்று தெரியும். எங்கள் பெயர்க் குழப்பங்கள் தீர்ந்த பிறகு மொத்த எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை, ஆனால் இந்த இரண்டாவது வகையின் பங்கு மெல்ல ஏறியது. எனக்கு அது போதுமான சான்று.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரமே நடக்கிறது. பணம் கட்டினால் பிளேலிஸ்ட்டில் சேர்த்து இத்தனை ஆயிரம் கேட்புகள் வாங்கித் தருவதாக வாக்களிப்பவர்கள் நாள்தோறும் செய்தி அனுப்புகிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் அப்படிக் கட்டினார். திடீரென்று, அவருடைய மொழியே புழங்காத ஒரே நகரத்திலிருந்து கேட்புகள் குவிந்தன. ஒருவர்கூடப் பின்தொடரவில்லை, பாடலைச் சேமிக்கவில்லை. கேட்டவை எல்லாம் எந்திரங்கள். சில வாரங்களில் செயற்கைக் கேட்பு என்று கண்டறியப்பட்டுப் பாடல் நீக்கப்பட்டது. 2024 முதல் இத்தகைய பாடல்களுக்காக விநியோகஸ்தர்களிடம் ஸ்பாட்டிஃபை அபராதமும் வசூலிப்பதால், அவர்கள் கலைஞர் பக்கம் நின்று வாதாடுவதற்கு இடமே இல்லை. பணம் கட்டாமல் செய்யக்கூடியதோ ஒன்று இருக்கிறது: வெளியீட்டு நாளுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே, பாடலைக் கலைஞர் பக்கத்தின் வழியாக ஸ்பாட்டிஃபையின் தொகுப்பாளர்களிடம் சமர்ப்பித்துவிடுவது. அவர்கள் எடுக்காவிட்டாலும், பின்தொடர்பவர்களின் புதுவெளியீட்டுப் பட்டியலில் அந்தப் பாடல் போய்ச் சேரும். வெளியான பாடலைச் சமர்ப்பிக்க முடியாது என்பதால், முடித்த அன்றே வெளியிட்டுவிட வேண்டும் என்ற ஆர்வத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும்.

சேவைகளின் பக்கங்களை எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும், அங்கே இருக்கும் ரசிகர்கள் அந்தச் சேவையின் வாடிக்கையாளர்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட நேராகக் கடிதம் எழுத நம்மால் முடியாது. இந்த இடத்தில் சிக்ஸ்டோ ராட்ரிகஸின் கதையை எல்லோரும் ஆறுதலாகச் சொல்வார்கள். 1970, 1971 ஆண்டுகளில் இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டு, அமெரிக்காவில் விற்காமல் போனதால் டெட்ராய்ட்டில் கட்டட வேலைக்குத் திரும்பியவர் அவர். தென்னாப்பிரிக்காவில் அவர் பெரும் புகழோடு இருந்ததும், அங்கே அவர் இறந்துவிட்டதாக ரசிகர்கள் நம்பிக்கொண்டிருந்ததும் அவருக்கே தெரியாது. ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்த பிறகு 1998இல் அங்கே போய் நிறைந்த அரங்குகளில் பாடினார். 2012இல் வந்த ஆவணப்படம் அவரை உலகறியச் செய்தது. திறமை கடைசியில் வென்றுவிட்டது என்று இதைச் சொல்கிறார்கள். நான் இதை அப்படிப் படிக்கவில்லை. கால் நூற்றாண்டுக் காலம் அவருடைய ரசிகர்கள் ஒரு நாட்டிலும், அவர் இன்னொரு நாட்டிலும், இடையே ஒரு முகவரிகூட இல்லாமல் இருந்தார்கள். அந்த ஆண்டுகளில் அவர் எழுதாமல் போன பாடல்களை யார் திருப்பித் தருவார்கள்?

ஆகவே மின்னஞ்சல் பட்டியல் என்ற, கேட்பதற்குப் பழமையாகத் தோன்றும் ஒன்றை நாங்கள் பிடிவாதமாக வைத்திருக்கிறோம். நிகழ்ச்சி முடியும் இடத்தில் ஒரு மேசை, அதில் ஒரு குறிப்பேடு, ஸ்கேன் செய்வதற்கு ஓர் அட்டை. அன்றைக்கு மேடையில் பாடியதன் ஒலிப்பதிவு ஒன்றை, பெயர் கொடுத்தவர்களுக்கு நான் மறுநாளே மிக்ஸ் செய்து அனுப்பிவிடுவேன். செயலி கண்டுபிடிக்காத அந்த வடிவம் அவர்கள் கைக்கே போய்விடுகிறது. ஆல்பங்களை, கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் விற்கிறோம். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம். தவிர, வாங்குபவரின் மின்னஞ்சல் முகவரி கலைஞருக்குக் கிடைக்கிறது. அப்படி முழு ஆல்பத்தை வாங்கிய சிலருடைய தொகை, ஒரு முழுக் காலாண்டின் ஸ்ட்ரீமிங் அறிக்கையை எளிதாகத் தாண்டிவிடுகிறது. புதிய பாடல் வெளியாகும் நாளில் முதலில் கேட்பவர்கள் இந்தப் பட்டியலில் உள்ளவர்கள்தான். அவர்களில் சிலர் தங்கள் ஊரில் நிகழ்ச்சி நடத்த அழைத்தும் இருக்கிறார்கள், இதுவரை நடந்தவற்றில் நல்ல கூட்டம் வந்தவை அவைதான்.

மேடையில் பெயர் சொல்வதைப் பற்றிய சச்சரவு மட்டும் முழுதாகத் தீரவில்லை. முதல் பாடலுக்குப் பிறகு ஒருமுறை, மிக நன்றாகப் போன பாடலுக்குப் பிறகு ஒருமுறை, முடிவில் ஒருமுறை சொல்ல வேண்டும் என்பது நான் போட்ட விதி. “பாட வந்தேனா, பேரை விக்க வந்தேனா?” என்று கேட்டவர், இப்போது டிரம்ஸ் வாசிப்பவர் பெயரையும், வரிகளில் உதவியவர் பெயரையும், ஏன், என் பெயரையும்கூட அழகாகச் சொல்லிவிடுகிறார். தன் பெயர் வரும்போது மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் நான் மைக்கைச் சற்று ஏற்றிவிடுவேன்.

உரிய அங்கீகாரம் அவருக்குக் கிடைத்ததா என்றால், சக கலைஞர்களிடம் அது என்றைக்கோ கிடைத்துவிட்டது. மற்றவர்களின் ஒலிப்பதிவுகளில் அவருடைய விரல் பாணியைக் கேட்கிறேன், கேட்டால் அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். பணத்தில் கிடைக்கவில்லை, பகுதிநேர வேலையை அவர் விடவில்லை, விடும்படி நான் சொல்லவும் மாட்டேன். கேட்டவர்களிடம் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. அதிர்ஷ்டத்தின் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

இந்த நிலையில், அடுத்த ஆல்பம் முழுக்க எலக்ட்ரானிக் இசையாக இருக்கப்போவதால் அதைப் புத்தம் புதிய ஒரு புனைபெயரில் வெளியிட வேண்டும் என்று சென்ற மாதம் சொன்னார். பெயர், பக்கம், பின்தொடர்பவர்கள் எல்லாவற்றையும் ஒன்று சேர்க்கப் பட்ட பாடு அத்தனையும் என் கண் முன்னால் வந்து போயிற்று. மாலை முழுக்க வாதாடினேன். பழைய ரசிகர்கள் தாலாட்டை எதிர்பார்த்து வந்து ஏமாறக் கூடாது என்பது அவர் பக்கத்து நியாயம், அதிலும் உண்மை இருக்கிறது. கடைசியில், புனைபெயரை முதன்மைக் கலைஞராகவும் அவருடைய சொந்தப் பெயரை உடன் இடம்பெறும் கலைஞராகவும் கொடுத்தால் பாடல்கள் இரண்டு பக்கங்களிலும் தெரியும் என்று எடுத்துச் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். புனைபெயர் எந்த எழுத்துக்கூட்டலில் என்பதை மட்டும் அன்றைக்கே எழுதி வாங்கிக்கொண்டேன்.